வாசலில் நான்கு விநாடி

மச்சானால் உயிர் பிழைத்தவன், அதே மச்சானைக் குற்றவாளியாக்கும் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். வாத்தியின் தலையில் அப்படி எழுதியிருந்தது. கட்டுப் போட்ட தொடையை நீட்டிக்கொண்டு, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் தலைமையகத்திலிருந்து வாங்கிப்போக ஆள் வரும்.

வாத்தி அதிரடிப் படையில் பயிற்சி கொடுப்பவன். பெயர் வந்ததும் அப்படித்தான். பணயக் கைதிகள் இருக்கும் அறைக்குள் பாய்வது அவர்கள் தொழில். முதல் பாடமே இரக்கமில்லாதது. முன்னால் போகிறவன் விழுந்தால் அவனைத் தாண்டிப் போ, குனியாதே. விழுந்தவன் பெற்ற தகப்பனாகவே இருந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்காவின் கணவரான மச்சான் கடற்படை முக்குளிப்பு அணியைச் சேர்ந்தவர். அங்கே இரண்டிரண்டு பேராகக் கயிற்றால் பிணைத்துத் தண்ணீரில் இறக்குவார்கள். ஜோடி துவண்டால் வேலையைப் போட்டுவிட்டு அவனை மேலே கொண்டுவர வேண்டும். தனியாக மேலே வந்தவன் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் அந்தத் தண்ணீரில் பதினொரு வருஷம் ஊறியவர்.

இந்த இரண்டு பேரையும் ஒரே வாசலில் நுழைக்கலாம் என்று மேலிடத்தில் எந்த மகராசனுக்கோ தோன்றியது. கூட்டு அணி என்று பெயர் வைத்து, பலகை அடித்துச் செய்த மாதிரி அறைகளில் பதினைந்து நாள் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று தெரிந்தவர்கள் யாரும் மேலிடத்தில் இல்லை போலும். பயிற்சியில் மச்சான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. விழுந்து கிடந்தவன் சிரித்துக்கொண்டல்லவா கிடந்தான், தாண்டுவதற்கு என்ன கஷ்டம்? பதினாறாம் நாள் வாத்தி அவருக்கு ‘தகுதி’ என்று எழுதிக் கொடுத்தான்.

அடுத்த வாரமே துறைமுக அலுவலகத்தில் துப்பாக்கிக்காரர்கள் சிலர் ஆறு ஊழியர்களைப் பணயமாகப் பிடித்து வைத்தார்கள். வாத்தி முதலில் நுழைந்தான், தொடையில் குண்டு பாய்ந்து வாசலிலேயே விழுந்தான். பின்னால் வந்த மச்சானின் கைகள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தன. அவர் யோசித்தெல்லாம் செய்யவில்லை. பின்னால் இருந்த நான்கு பேரும் நுழைய முடியாமல் முட்டிக்கொண்டார்கள். நான்கே விநாடி. அதற்குள் உள்ளே தட்டச்சுக்காரப் பெண் ஒருத்தியைச் சுட்டுவிட்டார்கள்.

பயிற்சியில் குறையில்லை, அதை மீறி வாசலை அடைத்தது மச்சான்தான் என்று தலைமையகம் எழுதி அனுப்பியிருந்த அந்த அறிக்கையை, மச்சான் மேசையருகே நின்றபடியே படித்தார்.

“சரியாத்தான் எழுதிருக்காங்க மாப்ளே. போட்டுடு.”

“நீங்க தாண்டிப் போயிருந்தா நான் ரத்தம் போயே செத்திருப்பேன், மச்சான்.”

“அந்தப் பொண்ணு இருந்திருக்கும்.”

மச்சான் காகிதங்களை மேசையில் வைத்தார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாத்திக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தை எடுத்தாள். எழுத்துக் கூட்டுவது போல நிதானமாகப் படித்தாள்.

“பதினஞ்சு நாள் பத்தாது, மூணு மாசமாவது வேணும்னு இங்க உக்காந்து சொன்னது யாரு?”

“நான்தான்.”

“அது இதுல எங்கடா இருக்கு?”

“அக்கா, அதை எழுதினா, பத்தாதுன்னு தெரிஞ்சும் ஏன் தகுதின்னு குடுத்தேன்னு கேப்பாங்க. என் வேலையும் போயிடும்.”

“அப்ப மூணு மாசம் வேணும்னு மேல கேட்டியா?”

“கேக்கல.”

அக்கா காகிதங்களை ஓரம் தட்டி அடுக்கி அவன் முன்னால் வைத்தாள். உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள். அவள் குரல் ஏறவே இல்லை.

“கால் ஆறுற வரைக்கும் இங்கயே இரு. அவரு காப்பாத்திக் கொண்டுவந்த உசுரு, நான் பாத்துக்கறேன். ஆறினதுக்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாத.”

பிறகு மருந்துப் பெட்டியை எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, அவனுக்கு வலித்துவிடாமல் மெதுவாகக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள்.