ஏழாம் எண் தட்டு

ஏழாம் எண் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த செல்லம்மா, அதன் எண்ணை மறுபடி சரிபார்த்தாள். பக்கத்துத் தட்டுகளில் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. இதிலோ எள் போட்டால் எள் விழாது. மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் அதே எண்ணிக்கைதான்.

செல்லம்மா அவள் பெயரல்ல. பதினோரு வருஷமாக ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களை வளர்ப்பவளுக்கு ஆய்வுக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். ரத்தம் கொடுத்தவர்களின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, அந்தச் செல்களுக்கு ஊட்ட வேண்டும், எவ்வளவு பெருகுகின்றன என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. ரத்த அழுத்தம் கூடியவர்களின் ரத்தத்தில் ஒரு சேதி இருக்கிறது. அது செல்லின் வாசலில் வந்து தட்டும், உள்ளே கைமாறிக் கைமாறிப் போய், 'பெருகு' என்று சொல்லும். செல்லும் சொன்ன பேச்சைக் கேட்டுப் பெருகும். சுவர் தடிக்கும், வழி குறுகும், அழுத்தம் இன்னும் ஏறும். நோயாளியின் தட்டில் இதைப் பார்த்திருந்தால் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் ஏழாம் எண் ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் இருந்தது. அது அவள் புருஷனுடையது.

"ஆரோக்கியமான ஆள் ஒண்ணு குறையுதே" என்று ஆய்வை நடத்தும் பேராசிரியை புலம்பியபோது இவள்தான் புருஷனை இழுத்து வந்தாள். பஸ் ஓட்டுகிறவர், அரைமணியில் வண்டி எடுக்க வேண்டும். ரத்தம் எடுத்தாயிற்று. அழுத்தம் பார்க்கும் கருவியை யாரோ மாடிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நூத்தி இருபதுன்னு போட்டுக்கோ, டாக்டரம்மா" என்று சிரித்தார். போட்டுவிட்டாள். கூடவே இருக்கிற மனுஷனைப் பற்றித் தனக்குத் தெரியாதா என்கிற திமிர், வேறென்ன? அழகான கையெழுத்தில் வேறு எழுதியிருந்தாள். அடிப் பாவி, என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு மாதமாகக் காலையில் பிடரியைப் பிடித்துக்கொண்டே எழுகிறார். தலையணை சரியில்லை என்றார், மாற்றினாள். ஒரே ஒரு தட்டை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது, அதுவும் அவளுக்குத் தெரியும். தட்டில் பூஞ்சை விழுந்துவிட்டது என்று சொல்லிக் கொட்டிவிட்டால் ஒரு ஈ காக்கா கூடக் கேட்காது. உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகலாம், அவர் கையிலிருந்து ஸ்டியரிங்கும் போகலாம். ஆனால் இன்று அவர் எடுக்கப்போகும் பதினொரு மணி வண்டி மலைப்பாதை வண்டி. தட்டை மூடி வைத்தாள். நேராகப் பேராசிரியையின் அறைக்குள் போய் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஓடினாள்.

பஸ் நிலையத்தில் அவர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. முன்படியில் ஏறினாள்.

"என்ன டாக்டரம்மா, கோட்டோடயே வந்துட்டே?"

"இறங்குங்க."

"விளையாடாதே. வண்டி நிறைய ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். அன்னிக்கு நான் அளக்கவே இல்லைங்க. நீங்க சொன்னதை அப்படியே எழுதிட்டேன். உங்க தட்டைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. ஒரு தடவை அளந்துட்டு அப்புறம் ஓட்டுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பின்னால் யாரோ "என்னப்பா, கிளம்பலையா?" என்று சலித்துக்கொண்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வாரமா பஸ்ஸோட அந்த இடது பக்கக் கண்ணாடி மங்கலாத் தெரியுது. அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சுக்கிட்டே இருக்கேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதில் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, இந்தப் பஸ்ஸைப் பிடிக்க மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.