எட்டு எண்ணுவதற்குள்

அன்று காலை சமையலறைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புதிதாகத் தைத்த துணி டயப்பரின் மேல் என் மனைவி அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி எண்ண ஆரம்பித்தாள். எட்டு வருவதற்குள் தண்ணீர் துணிக்குள் போய்விட்டது.

"பாத்தீங்களா? பத்தைத் தாண்டினா ஃபெயில்."

"புள்ளைக்குத் துணி தைக்கறியா, பரீட்சை வைக்கறியா?"

"உங்களுக்கென்ன, காகிதத்துல பிழை பாக்கற உத்தியோகம். ஒருநாள் வந்து மூணு மூட்டை டயப்பரைப் பிரிச்சுப் பாருங்க, சோறு இறங்காது."

அவள் குப்பை பிரிக்கும் கூடத்தில் மேற்பார்வையாளர். மற்றதையெல்லாம் யாராவது எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். டயப்பரை மட்டும் புதைக்கத்தான் வேண்டும், மண்ணும் அதைத் தின்னாது என்பாள். கடை டயப்பரில் மகளுக்குத் தொடை சிவந்ததும், இனி பருத்திதான் என்று முடிவு செய்தாள். பதினெட்டு தைத்தாள். பத்தொன்பதாவதற்கு எலாஸ்டிக் வாங்கப் போனவளைத் தெருமுனையில் லாரி அடித்துவிட்டது.

காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு துணிகளை நான்தான் துவைத்தேன். மகளுக்கு மெத்தென்று இருக்கட்டுமே என்று, துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தை ஒவ்வொரு முறையும் இரண்டு மூடி ஊற்றினேன். சில வாரங்களில் பதினெட்டும் ஒழுகின. குழந்தை ஈரத்திலேயே கிடந்தாள். தொடை மறுபடி சிவந்து தோல் உரிந்தது.

அக்கா வந்து பார்த்தாள். "என்னடா, பச்சைப் புள்ளையை இந்தப் பாடு படுத்தற? பேக்கெட்டு வாங்கிப் போடு."

"அவ வேண்டாம்னு சொன்னாக்கா."

"அவ இருந்திருந்தா இப்படி ஒழுகுமாடா?" சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாலையில் வாசனைத் திரவப் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எறும்பு போன்ற எழுத்து: ஈரம் உறிஞ்ச வேண்டிய துணிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். இருபது வருடமாகப் பிழை திருத்திச் சோறு தின்கிறவன் நான்.

பதினெட்டையும் வெந்நீரில் ஐந்து தடவை அலசினேன். அவை சரியாகும் வரைக்கும் என்று அக்கா வாசனை சேர்க்காத பேக்கெட் டயப்பராகத் தேடி வாங்கி வந்தாள். புண் ஆறி வருகிறது. கழற்றியதை மூட்டை கட்டி வாசலில் வைக்கும்போது அது எந்தக் கூடத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை, காய்ந்த துணி ஒன்றைச் சமையலறைத் தரையில் விரித்து அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். எட்டு எண்ணினேன். பிறகு இருபது வரை எண்ணினேன். தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே உருண்டு நின்றது.