இரண்டு வினாடி

"பிளக்கைப் பிடுங்காதடா!"

மகள் போட்ட சத்தத்தில், ஹாலில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி ஒயரும் கையுமாக நின்றான். அப்பாவின் உடலைக் கட்டிலிலிருந்து ஹாலுக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வெறும் கட்டிலின் குறுக்கே, இரும்புக் கை ஒன்றில் மாட்டியிருந்த திரை மட்டும் இன்னும் எரிந்தது. அதில் நான்கு கட்டங்கள்: தண்ணி, வலிக்குது, ஆமா, இல்ல.

"எல்லாம் இந்த டப்பாவாலதான்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு காலையில அம்மா கேட்டப்ப, 'இல்ல'ன்னு எரிஞ்சுதாம். அம்மாவும் நம்பிட்டாங்க. அது தானா எரிஞ்சிருந்தா? போன வாரம் எரியலையா?"

எரிந்தது உண்மைதான்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனுக்குப் பக்கவாதம் வந்தபோது, பேச்சு போய் வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது. அதற்கும் பட்டனை அழுத்தும் தெம்பு இல்லை. திரை தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி இந்தச் சோதனைத் திரையை வாங்கி வந்தாள். வெளிச்சத்தைப் பார்க்கும் புள்ளிகள் கண்ணாடிக்குள்ளேயே இருந்தன. தொடவே வேண்டாம், விரலின் நிழல் விழுந்தால் போதும்.

மின்சாரம்தான் வில்லன். எழுத்தை வரைய ஓடும் மின்சாரம், பக்கத்தில் இருக்கும் புள்ளிகளையும் உலுக்கிவிடும். பஸ் ஸ்டாண்டில் நின்று ரகசியம் கேட்பது மாதிரி. திரை ஒரு முறை வரைந்து முடித்து, அடுத்ததைத் தொடங்குமுன் மூச்சு விடும் கணத்தில் மட்டும் புள்ளிகள் பார்க்கும்படி செய்தாள். ஒரு மூலையில் கறுப்பு டேப் ஒட்டினாள். வெளிச்சமே படாத அந்தப் புள்ளிகள் எதைச் சொன்னாலும் அது வெறும் இரைச்சல். அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நிழல்.

அப்படியும் போன வாரம், சளி உறிஞ்சும் மெஷினைப் போட்டபோதெல்லாம் 'தண்ணி' எரிந்தது. அம்மா ஐந்து தடவை ஸ்பூனோடு ஓடிவர, அப்பா கண்ணை உருட்டினார். அன்றைக்குத்தான் மகள் கடைசிப் பூட்டையும் போட்டாள். நிழல் முழுசாக இரண்டு வினாடி நின்றால்தான் கட்டம் எரியும். அதற்குப் பிறகு திரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"உங்கப்பா நல்லா இருந்தப்பவே எதுக்கும் 'இல்ல'ன்னுதான் ஆரம்பிப்பாரு," என்றார் எதிர்வீட்டு டெய்லர், சூழ்நிலையை லேசாக்க. "புது பேண்ட்டுக்கு அளவு எடுக்கலாமாண்ணேன்னா, இல்ல, பழசே கெட்டியா இருக்கும்பாரு."

யாரோ சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் போர்வையை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"பாத்துச் சொல்லும்மா. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

சுடுகாட்டுக்கு வண்டி பதினொரு மணிக்கு. மகள் லேப்டாப்பைத் திரையோடு இணைத்தாள். புள்ளிகள் பார்த்ததெல்லாம் கழித்தல் கூட்டல் இல்லாமல் அப்படியே பதிவாகியிருக்கும். காலை ஆறு பத்து.

"இந்தக் கோடு டேப் ஒட்டின மூலை. சும்மா கிடக்கு, பாரு. மெஷின் ஓடல. இது 'இல்ல' கட்டம்."

அந்தக் கோடு சட்டென்று இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது.

"அப்பா விரல்டா. நாலு செகண்ட்."

"நாலா?"

"நாலு."

"பிடிவாதம்," என்ற தம்பி, காலையிலிருந்து முதல் தடவையாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனான்.

மகள் மூடப் போனாள். அவள் விரல் நின்றது. ஆறு பதினாலுக்கு இன்னொரு கோட்டில் ஏதோ தெரிந்தது. ஆனால் அந்த நேரத்துக்கு எந்தக் கட்டமும் எரியவில்லை.

"அம்மா, அதுக்கப்புறம் வேற ஏதாவது கேட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல."

அம்மா மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"கேட்டேன். பதில் வரல. விடு."

"என்ன கேட்டீங்க?"

அம்மா ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "நான் உங்கள நல்லாப் பாத்துக்கிட்டேனான்னு கேட்டேன். வாய் இருந்தப்பவே கேட்டிருக்கலாம். அப்பல்லாம் உப்பு சரியா இருக்கான்னுதான் கேக்கத் தோணுச்சு. இது எரியவே இல்ல. சரி, யோசிக்கிறாரு போலன்னு உக்காந்திருந்தேன். அப்புறம் மூச்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

மகள் திரும்பவும் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அது ஒரு வினாடி இறங்கி, நடுங்கி, நழுவியிருந்தது. திரும்ப இறங்கி, திரும்ப நழுவியிருந்தது. மூன்றாவது தடவை அரை வினாடிகூட இல்லை. டேப் ஒட்டின மூலை மூன்று தடவையும் கப்சிப். இரண்டு வினாடிக்குக் குறைந்ததெல்லாம் இரைச்சல் என்று ஆபீசில் அடித்துப் பேசியவள் அவள்தான்.

"அம்மா, அப்பா பதில் சொல்லியிருக்காரு. நான்தான் உங்களுக்குக் காட்ட விடல."

அம்மாவின் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள். "இது 'ஆமா'. விரல் நிக்கல அவருக்கு. நின்னாத்தான் எரியணும்னு நான் வச்சுட்டேன். இதோ, இங்க. இங்க. இங்க."

அம்மா அந்த மூன்று சின்னப் பள்ளங்களையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"மூணு தடவையா? இந்த மனுஷன் எதையும் ரெண்டாந்தடவ சொல்லமாட்டாரே!"

வாசலில் ஹாரன் கேட்டது. தம்பி உள்ளே வந்தான். பிளக் பக்கம் போன கை பாதியில் நின்றது.

"இருக்கட்டுமாக்கா?"

"அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்."

மகள் இரண்டு என்ற எண்ணை அழித்துவிட்டு அரை என்று போட்டாள். இனி யாருக்கு என்று அவள் யோசிக்கவில்லை.

தலையணையடியில் இருந்த அப்பாவின் மூக்குக் கண்ணாடியை எடுக்க அம்மா குனிந்தாள். அவள் கையின் நிழல் திரையில் விழுந்தது. 'ஆமா' எரிந்தது.

அம்மா கையை எடுக்கவில்லை.

வெளியே இன்னொரு ஹாரன். தம்பி வாசலுக்குப் போய், கொஞ்சம் பொறுக்கச் சொன்னான்.