மாதனூர் பஸ்காரி

1
இந்தக் கதை எனக்கு ஆம்பூர் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. தெருவில் வாழும் குழந்தைகளைத் தேடிப் புறப்பட்ட அரசுக் குழுவோடு நானும் போயிருந்தேன். பத்திரிகையில் நான் எழுதும் தொடருக்கு நல்ல வில்லன் ஒருவர் அகப்படுவார் என்று ஆசை. அகப்படவில்லை.

2
முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஈவிரக்கமற்ற அதிகாரி பூங்குழலி, கதறும் சிறுமியைப் பிடித்து இழுத்து—’

வேண்டாம். பூங்குழலி இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சிறுமியின் பெயரே கேட்டார். சிறுமி சோபனா, எட்டு வயது. அம்மா அமிர்தவள்ளிக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. ராத்திரி இருவரும் பேருந்து நிலையத்தில் படுப்பார்கள். பகலெல்லாம் சோபனா அங்கே தனியாக.

3
‘அமிர்தவள்ளி பொய் சொன்னாள்.’ (இந்த வரிக்காக ஒரு நாள் முழுக்க அவளைக் கெட்டவளாக வைத்திருந்தேன். மன்னிக்கவும்.)

எந்த ஊர் என்று கேட்டதற்கு மாதனூர் என்றாள். பூங்குழலி அங்கே தெருத்தெருவாக விசாரித்தார். அவளை யாருக்கும் தெரியவில்லை. ‘பொய் விலாசம் தந்த தாய்’ என்று கோப்பில் ஏறிவிட்டது. மகளைப் பிரித்துக் காப்பகத்துக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கக் குழந்தைகள் நலக் குழு கூடியது.

4
“ஏம்மா, மாதனூர்ல உனக்கு வீடே இல்லியாமே?” என்றார் தலைவர்.

“வீடு இருக்குன்னு நான் எங்க சார் சொன்னேன்? கம்பெனில, யாரு எந்த பஸ்ல ஏறுறாங்களோ அத வெச்சித்தான் ஆளக் கூப்புடுவாங்க. நான் மாதனூர் பஸ். எந்த ஊருன்னு கேட்டதும் அதத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேன்.”

பூங்குழலி தலையில் கைவைத்துக்கொண்டார். “இதுக்கா ரெண்டு நாளு வெயில்ல பேஜாரானேன்?”

“என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?” என்றாள் சோபனா.

அறையே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “சரி, இப்பக் கேக்குறேன். உனக்கு இன்னா வேணும்?”

“அம்மாகூட இருக்கணும். ஸ்கூலுக்கும் போவணும்.”

“ரெண்டுல எது?”

“ரெண்டும்.”

5
இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. காப்பகத்தில் கட்டில், சாப்பாடு, பள்ளி எல்லாம் உண்டு. அம்மா ஞாயிறுதோறும் வந்து பார்ப்பாள். வாசகர் அழ, இதழாசிரியர் மகிழ்வார். மற்றது, நகராட்சித் தங்குமிடத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து ஓர் இடம், பக்கத்திலேயே பள்ளி. பூங்குழலி போனில் கேட்டுவிட்டார். இடம் இருக்கிறதாம்.

குழுவின் உத்தரவில் முடிவு எழுதும் ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்புங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதினால் நல்லது. சோபனா மேசையில் மோவாயை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.