இடைவேளைக்கு அப்புறம்

எங்கள் தியேட்டரில் படம் ஓட்டுவது நான். என்னைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். படம் நீளமாக இருந்தால் அடுத்த காட்சி தள்ளிப்போகும், அடுத்த காட்சி தள்ளிப்போனால் முதலாளி குதிப்பார். அதனால் ஒரு பாட்டையோ, கதாநாயகன் மழையில் நடந்துகொண்டே இருக்கிற இடத்தையோ நறுக்கி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் டேப் போட்டு ஒட்டி ஓட்டுவேன். படப்பெட்டி திரும்பிப் போகும் அன்றைக்கு மறுபடி சேர்த்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் வந்து "மழை எங்கேய்யா?" என்று கேட்டதில்லை. ஆனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் கூட அண்ணி, "கத்திரி சார் சாப்பிட வரலாமா?" என்று கேலி செய்வார்.

அந்தப் படத்தை நான் தொடவில்லை. டைரக்டரே நேரில் வந்து, "ஒரு அடி கூட வெட்டாதீங்க, இடைவேளையும் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். இடைவேளை கிடையாது என்றதும் கேன்டீன்காரர் முதலாளியிடம் போய் அழாத குறை. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். சரி, எல்லோரும் பிழைக்க வேண்டுமே என்று, பையன் பஸ்ஸுக்குள் காலை வைக்கிற இடத்தில் நிறுத்தி விளக்கைப் போட்டேன். நான் செய்த பாவம் அவ்வளவுதான்.

அந்தப் பையன் யார் என்று சொல்லவில்லையே. ஒரு பையன் இடுப்பில் குண்டைக் கட்டிக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் ஏறுகிறான். ஏன் ஏறினான் என்பதுதான் படம். அவன் அப்பாவை நடுத்தெருவில் முட்டி போட வைத்தது, அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது, அப்புறம் ஒருவன் வந்து தோளில் கை போட்டு இனிக்க இனிக்கப் பேசியது, எல்லாம் வரும். நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. முதல் தடவை பார்த்தபோது எனக்கே அவன்மேல் பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது.

இடைவேளையில் கேன்டீன் பக்கம் போனால் காது புளித்துவிடும். கல்லூரிப் பையன் ஒருவன் கண் சிவந்து நின்று, "அவன் இடத்துல நான் இருந்தாலும் அதான்டா செஞ்சிருப்பேன்" என்றான். சொன்னவனுக்கு டீ சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், "கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்க ஒரு படமா? வெட்கமா இல்ல?" என்று கத்திவிட்டு, மீதியைப் பார்க்காமலே போனார். போனவர் பத்திரிகைக்கு விமர்சனமும் எழுதினார். ஒரு அம்மா, பையனின் தாயாக நடித்தவர் கட்டியிருந்த புடவை ரொம்ப எடுப்பு என்றார். ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சண்டை எப்போது வரும் என்று ரகசியமாகக் கேட்டார். இரண்டு நண்பர்கள் நியாயம் பேசிப் பேசி ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, டீ மாஸ்டர் நடுவில் புகுந்து பிரித்துவிட்டார். நாளுக்கு நாள் கூட்டம் ஏறியது. பையன் பாவம், பையன் பாவி, இந்த இரண்டைத் தாண்டி ஒரு பேச்சு இல்லை. பஸ்ஸில் இருந்தவர்களைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

என் அண்ணன் அப்படி ஒரு பஸ்ஸில் போனவர். லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். குண்டு வெடித்த இடத்தில் அண்ணன் என்று கிடைத்ததை வாங்கி வந்து காரியத்தை முடித்தது நான். அண்ணியைப் பார்க்க விடவில்லை. வெடித்தவனின் போட்டோ ஒரு மாதம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. அவன் என்ன படித்தான், யாரோடு பழகினான், ஏன் செய்தான் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அண்ணன் செத்தவர்களின் எண்ணிக்கையில் ஒருவர். அண்ணி அதையெல்லாம் படித்து முடித்து, ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றுவரை அங்கேதான் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சாயங்காலம், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "தம்பி, நாளைக்கு மத்தியானக் காட்சிக்கு நான் வர்றேன்" என்றார்.

"எதுக்கு அண்ணி? இழுவைப் படம். நல்லாவே இல்ல."

"நல்லா இல்லாத படத்துக்கா இவ்ளோ கூட்டம்? எங்க சலவைல எல்லாரும் பாத்துட்டாங்க. அந்தப் பையன் பாவம் பாவம்னு என்கிட்டயே வந்து சொல்லிட்டு, அப்புறம் நாக்கக் கடிச்சிக்கிறாளுங்க. நானும் பாத்துட்டு, பாவம்னு சொல்லிட்டுப் போறனே. எத்தனை வருஷம்தான் நெஞ்சுல கல்லத் தூக்கிட்டுத் திரியறது?"

"வேணாம் அண்ணி. சொன்னாக் கேளுங்க."

"நம்ம பஸ்ஸோட கலர்லயே பஸ் வருதாமே. அப்ப நம்மள வச்சித்தானே எடுத்திருப்பாங்க? உங்கண்ணன் மாதிரி யாராவது வருவாங்கல்ல?"

வருவார், கண் இமைக்கிற நேரம் வருவார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து யாருக்குச் சொல்ல மனசு வரும்? அண்ணன் போனபிறகு அவர் எதையும் ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் வந்தார். கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு நான் மேலே புரொஜெக்டர் அறைக்கு ஏறிப்போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நான் ஓட்டை வழியாகப் படத்தைப் பார்க்கவில்லை, அவருடைய தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்போது பையனின் அப்பா தெருவில் முட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளை விட்டதும் ஓடிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். எப்படியாவது பேசி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அண்ணியின் முகம் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாவம்தான் தம்பி" என்றார். "அந்த அப்பாவ அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. எந்தப் பிள்ளைக்குத்தான் வயிறு எரியாது?"

"போதும் அண்ணி. தலைவலிக்குதுன்னு காலைல சொன்னீங்கல்ல. வீட்டுக்குப் போங்க, ஆட்டோ பிடிச்சித் தர்றேன்."

"நல்லா இருக்கே! பாதில எழுந்து போறதுக்கா வந்தேன்?" டீயை ஒரு வாய் குடித்தார். "இவ்ளோ நேரம் அவன் கதை. முதல்ல அவன் கதையச் சொன்னாத்தான் புரியும், அது சரிதான். இடைவேளைக்கு அப்புறம் நம்ம கதைதானே?"

மணி அடித்துவிட்டது. டிக்கெட் கிழிக்கிறவர், "கத்திரி, மேல போ, போ" என்று விரட்டினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போய் உக்காருங்க அண்ணி" என்றேன். கோழை.

இரண்டாம் பாதியிலும் அவன் கதைதான். பின்னோக்கிப் போகும். அவன் அம்மா அவனைத் தேடி அலைவார், தங்கச்சி அவன் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். அப்புறம் பஸ். கேமரா இருக்கைகளைத் தடவிக்கொண்டு போகும். பையை மடியில் வைத்த பெண், தூங்குகிற கிழவர், ஜன்னல் ஓரத்தில் ஒரு ஆள். அந்த ஆள் வந்ததும் அண்ணி இருக்கை நுனிக்கு வந்து முன்பக்கம் சாய்ந்தார். குண்டு வெடித்துத் திரை வெள்ளையாகிவிட்டது. அடுத்தது பையனின் அம்மா வீட்டு அடுப்படி.

படம் முடிகிறவரை அண்ணி அப்படியே முன்னால் சாய்ந்தபடிதான் இருந்தார். பெயர்கள் ஓடும்போதும் எழுந்திருக்கவில்லை.

நான் ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தேன். இரும்புப் படியில் காலடி கேட்டது. இத்தனை வருஷத்தில் அண்ணி என் அறைக்கு வந்ததே இல்லை. மூச்சு வாங்க வந்து நின்றார்.

"எவ்ளோ வெட்டின?"

"என்ன அண்ணி?"

"நடிக்காத. நான் அழுவேன், மயங்கி விழுவேன்னு பயந்து வெட்டிட்ட. உன்னை எனக்குத் தெரியாதா? அன்னிக்கும் இப்படித்தான், என்னைப் பாக்கவே விடல." குரலில் கோபம் இருந்தது, கூடவே ஒரு செல்லமும் இருந்தது. "அவரு வேலை முடிச்சி வர்றது, வீட்டுல நான் பாத்துட்டு இருக்கறது, எல்லாம் எடுத்திருப்பாங்க. அந்த ஜன்னலோரத்து ஆளு முகத்த முழுசாக் கூடக் காட்ட விடலையே நீ. எங்க வச்சிருக்க?"

மேஜைக்கு அடியில், பழைய படங்களில் மறுபடி சேர்க்காமல் விட்டுப்போன துண்டுகள் போடுகிற தகர டப்பா இருந்தது. குனிந்து அதை இழுத்தார். ஒரு துண்டை எடுத்து, குண்டு பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதிலும் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். "இதுல இல்ல. வேற எங்க? குடு தம்பி, நான் அழ மாட்டேன். வெளிச்சத்துல பிடிச்சே பாத்துக்கறேன்."

வெட்டிவிட்டேன், துண்டை அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்று சொல்லலாம். நாக்கு நுனியில் நின்றது. ஆனால் சொன்னால் அடுத்த ஊருக்குக் கூட அதைத் தேடிப் போவார், எனக்கு அது தெரியும். எனக்கும் அலுத்துப்போயிருந்தது. ஒரு வாரமாக எல்லோருடைய நியாயத்தையும் கேட்டுக் கேட்டு, பொய் சொல்லக் கூடத் தெம்பில்லை.

"அண்ணி, நான் எதையும் வெட்டல. படமே அவ்ளோதான்."

கையில் இருந்த துண்டை அவர் இறக்கவில்லை. "ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"அந்த ஜன்னலோரத்து ஆளு?"

"அவ்ளோதான் அண்ணி. பேரு கூடப் போடல."

ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தேன். உட்கார்ந்தார். கீழே அடுத்த காட்சிக்கு ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள், யாரோ இப்போதே பையன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சத்தமாகப் பேசுவது கேட்டது. அண்ணி கையில் இருந்த துண்டை டப்பாவில் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெட்டிட்டேன்னே சொல்லியிருக்கலாம்ல தம்பி. உன்னைத் திட்டிட்டாவது போயிருப்பேன்."