தண்ணீருக்குள் இருமல்

"மூக்கு மட்டும்தான் மேடம்," என்றாள் ஊசி. "தொண்டைக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

தண்ணீர் தெறிக்காமல் இறங்குவாள் என்பதால் நீச்சல் குளத்தில் அவளுக்கு வைத்த பெயர். வயது பதின்மூன்று. சனிக்கிழமை அணித் தேர்வு. அன்று வியாழன்.

பயிற்சியாளருக்கு ஒரே விதிதான். சளி கழுத்துக்கு மேலே என்றால் மெதுவாக நீந்தலாம். கீழே இறங்கிவிட்டால் வீடு, தேர்வும் கிடையாது. இருபது வருடமாக யாருக்காகவும் அதை வளைத்ததில்லை.

"ஜுரம் பார்த்தீங்களா?" என்று கூட வந்திருந்த அம்மாவைக் கேட்டார்.

"இல்ல மேடம், உடம்பு சில்லுனுதான் இருக்கு. மூக்கு இவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே ஒழுகுது."

"சரி. எட்டு தடவை போயிட்டு வா. ஆமை மாதிரி."

"ஆமை தண்ணியில வேகமாப் போகும் மேடம்."

"வாய் மட்டும் குறையல. இறங்கு."

இறங்கினாள். ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. பயிற்சியாளருக்கு நிம்மதி. பிறகு ஏதோ உறுத்தியது. சுவரைத் தொட்டதும் மற்றவர்கள் நின்று மூச்சு வாங்குவார்கள். இவள் ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

கரையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். ஊசியின் மூச்சுக் குமிழ்கள் எப்போதும் நூல் பிடித்த மாதிரி வரும். இன்று கொத்தாக வெடித்து வந்தன. நின்றன. மறுபடி ஒரு கொத்து.

இருமுகிறாள். தண்ணீருக்கடியில்.

இருமிய மறுநொடி நெஞ்சு தானாகக் காற்றைக் கேட்கும். அங்கே காற்று இல்லை. அந்தத் தவிப்பை வாய்மூடி அடக்கி, அடுத்த இருமலை விட்டு, கைவீச்சு கலையாமல் போய்க்கொண்டிருந்தாள். ஒருமுறை தவறினால் நெஞ்சு முழுக்கத் தண்ணீர். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடியதல்ல இது.

சுவருக்கு வந்ததும் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மேல வா. எத்தனை நாளா?"

ஊசி வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது, ஓடு பதித்த சுவர்களில் மோதித் திரும்பியது. நீந்திக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"மூணு நாளா."

"வீட்ல எனக்குக் கேக்கவே இல்லையேடி," என்றாள் அம்மா.

"பாத்ரூம் வாளித் தண்ணிக்குள்ள தலைய விட்டு இருமினேன்."

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சனிக்கிழமை நீ வரக் கூடாது," என்றார் பயிற்சியாளர்.

"அடுத்த தேர்வுக்கு ஒரு வருஷம் ஆகும் மேடம்."

"தெரியும்."

"நல்லாத்தானே நீந்தினேன்?"

"இப்படி ஒருத்தர் நீந்தி நான் பார்த்ததே இல்ல. அதனாலதான் சொல்றேன், டாக்டர்கிட்ட போ."

துண்டைப் போர்த்தி முதுகில் கை வைத்தார். உள்ளே கரகரத்தது.

அவர்கள் போன பிறகும் அவள் நீந்திய தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை இருமலையும் வாங்கிக்கொண்டு, தண்ணீர் சத்தமில்லாமல் கிடந்தது.