ஊரில் விழுந்த ஒரே ஓட்டு

என் கணவர் ஆர்டன் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஊரில் இதற்கு நல்ல மனிதர் என்று பெயர். கூடக் குடித்தனம் நடத்துகிறவளைக் கேட்டால் வேறு பெயர் சொல்வேன்.

எங்கள் மகள் பிரிட்டா ஜனநாயகக் கட்சியின் சட்டமன்ற வேட்பாளராகப் போட்டியிட்டாள். ஆர்டனின் தம்பி லைல் ஷெரீஃப் என்ற மாவட்டக் காவல் தலைவர் பதவிக்குக் குடியரசுக் கட்சியில் போட்டியிட்டான். கட்சிகளின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய ஆகஸ்டில் நடக்கும் முதல்கட்டத் தேர்தலில் இரண்டு கட்சியும் ஒரே ஓட்டுச் சீட்டில் இருக்கும். ஏதாவது ஒரு கட்சியின் பத்தியில்தான் குறிக்க வேண்டும்.

என் மாமனார் காலத்தில் விஸ்கான்சினின் இந்த மூலையில் பால்பண்ணைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஜனநாயகக் கட்சிக்குத்தான் போடுவார்கள். பால் விலை விழுந்தது, பண்ணைகள் மூடின, ஊரே மறுபக்கம் சாய்ந்தது. ஆர்டனும் சாய்ந்தார். அந்தக் கோபத்தில் பிரிட்டா இரண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பக்கமே வரவில்லை. இந்த வசந்தத்தில்தான் போன் செய்து, "அப்பா, இந்த ஒரு தடவை எனக்காகப் போடுப்பா" என்றாள். சரி என்றார். அதே வாரம் வைக்கோல் கட்டு ஏற்ற வந்த தம்பியிடமும் சரி என்றார்.

தேர்தலன்று ஊர் மன்றத்தில் நல்ல கூட்டம். ஆர்டன் சீட்டை இயந்திரத்தில் விட்டதும் அது கீச்சென்று கத்தி வெளியே தள்ளியது. அங்கே வேலைக்கு உட்கார்ந்திருந்த வெர்னாவுக்குக் காது மந்தம், குரல் கணீர்.

"ரெண்டு கட்சியிலயும் குறிச்சிருக்கே, ஆர்டன்! மெஷின் எடுக்காது. புதுச் சீட்டு தரட்டுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஓட்டுப் போட வந்திருந்த லைல்தான் அதிகம் சிரித்தான். "ரெண்டு மாட்டை ஒரே நேரத்துல கறக்கப் பாத்தியாண்ணே?"

ஆர்டனின் காது மடல் சிவந்துவிட்டது. புதுச் சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குள் போனார். பக்கத்துத் தடுப்பில் லைல். இந்த முறை இயந்திரம் சத்தமில்லாமல் விழுங்கியது. லைல் அண்ணன் முதுகில் தட்டினான். அவர் என் முகத்தைப் பார்க்காமலே வாசலுக்குப் போனார். யாருக்குப் போட்டார் என்று அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் போய் என் மகளுக்குக் குறித்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவித்த சோளம். பிரிட்டா கூப்பிட்டாள். போனை மேசை நடுவே எங்கள் இருவருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"ஜெயிச்சுட்டேம்மா! தொகுதி முழுக்க நான்தான் முன்னணி. நம்ம ஊர்ல மட்டும் எனக்கு எத்தனை தெரியுமா? ஒண்ணே ஒண்ணு!" விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்பா, அது யாரு போட்டது?"

ஆர்டன் வாய் திறப்பார் என்று காத்திருந்தேன். வேலிக் கம்பியில் தலை மாட்டிக்கொண்ட கன்றுக்குட்டி மாதிரி என்னைப் பார்த்தார். ஓங்கி அறையலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் இவள் இனி அவர் முகத்தில் விழிக்க மாட்டாள்.

"உங்கப்பாதான் போட்டாரு" என்றேன்.

"எனக்குத் தெரியும்! அப்பா, உன்ன நான் என்னென்னமோ பேசிட்டேன்ப்பா." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அம்மா... அப்போ நீ?"

நான் அதுவரை யோசிக்கவே இல்லை. எதிரே ஆர்டன் சோளத்தைக் கீழே வைத்துவிட்டார். இப்போதாவது சொல்லட்டும் என்று பார்த்தேன். தலை குனிந்தபடியே இருந்தது.

"உங்க சித்தப்பா பக்கத்துலயே நின்னாரும்மா. என்னால முடியல."



"சரி" என்றாள். "கிறிஸ்துமஸுக்கு வரேன். அப்பாவைப் பாக்க."

போன் அணைந்தது. ஆர்டன் வெண்ணெய்க் கிண்ணத்தை மெதுவாக என் பக்கம் நகர்த்தி வைத்தார்.